நட்சத்திரக் குறிக்கு யார் பொறுப்பு? கோப்புப் பெயர்ப் பொருத்தம் குறித்து ஓர் ஆய்வு

ஒரு கோப்புறையில் கிடக்கும் சிஎஸ்வி கோப்புகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்ல, நிரல் எழுதுபவர் *.சிஎஸ்வி என்று ஒரு சிறு பேட்டர்ன் எழுதினால் போதும். அழிக்கவும் நகலெடுக்கவும் காப்புப்பிரதி எடுக்கவும் கணக்குப் போடவும் இதுவே முதல் படி. எந்தக் கோப்பு உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பதை இந்தச் சில குறிகள்தான் தீர்மானிக்கின்றன. இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் இந்த வசதியைப் பெரும்பாலான பாடநூல்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன.

இதன் இலக்கணம் உண்மையிலேயே அரைப் பக்கம்தான். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும்; எழுத்தே இல்லாத இடத்துக்கும் பொருந்தும். கேள்விக்குறி சரியாக ஓர் எழுத்துக்குப் பொருந்தும். [0-9] என்று சதுர அடைப்புக்குள் எழுதினால் அந்த வரம்பில் உள்ள ஓர் எழுத்துக்குப் பொருந்தும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் நட்சத்திரக் குறி தனக்கு முன்னால் உள்ளதைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லும். இங்கே அது தனியாகவே நிற்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இலக்கணம் முடிந்தது.

ஆனால் நடைமுறையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இலக்கணத்துக்கு வெளியே பிறக்கின்றன. பேட்டர்னைப் பொருந்தும் பெயர்களாக விரிப்பது யார்? ஒன்றுமே பொருந்தாவிட்டால் என்ன பதில்? கிடைத்த பெயர்கள் எந்த வரிசையில் வரும்? மறைந்த கோப்புகளும் உட்கோப்புறைகளும் கணக்கில் சேருமா? 'ஓர் எழுத்து' என்றால் எது? பொருத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் இன்றுவரை இல்லை. ஒவ்வொரு ஷெல்லும், ஒவ்வொரு நிரல்மொழியும், சில இடங்களில் ஒரே மொழியின் இரண்டு லைப்ரரிகளும் வேறுவேறு பதில் சொல்கின்றன. நிரல் எழுதுபவர் இவற்றுக்குத் தாமே வெளிப்படையாகப் பதில் எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எங்கிருந்து வந்தது

கோப்புப் பெயரில் நட்சத்திரக் குறி இடும் வழக்கம் யூனிக்ஸுக்கு முந்தியது. மல்டிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென ஒரு முறையே வகுக்கப்பட்டிருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் முதல் பதிப்பில் தொடங்குகிறது. அதில் குளோப் என்ற தனி நிரல் இருந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி அதை பி மொழியில் எழுதினார். கட்டளை வரியில் இந்தக் குறிகளைக் கண்டால் ஷெல் தானாக எதுவும் செய்யாமல் குளோப்பை அழைக்கும். குளோப் அவற்றைப் பெயர்களாக விரித்து, பிறகு உரிய கட்டளையை ஓட்டும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் பார்ன் ஷெல் இந்த வேலையைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. 1992இன் போசிக்ஸ் தரநிலை, நிரல்களிலிருந்து நேரடியாக அழைக்கக்கூடிய சி மொழிச் சார்புகளாக இதை வரையறுத்தது. இன்றைய மொழிகளின் லைப்ரரிகள் பெரும்பாலும் அந்தச் சார்புகளின் வழித்தோன்றல்கள்.

டாஸ் வேறு வழியில் வந்தது. 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் கோப்புப் பெயருக்கு எட்டு இடம், வகைக்கு மூன்று இடம். அங்கே நட்சத்திரக் குறி என்பது மீதி இடங்களையெல்லாம் கேள்விக்குறியால் நிரப்பும் சுருக்கெழுத்து மட்டுமே. அதனால் அந்த மரபில் வந்த டாஸில், புள்ளிக்கு முன்னால் நட்சத்திரத்தை அடுத்து எழுதிய எழுத்துகள் கணக்கிலேயே வராது. இன்றும் விண்டோஸில் *.* என்பது புள்ளியே இல்லாத பெயர்களையும் பிடிக்கிறது. பழைய குறும்பெயர்கள் இயக்கத்தில் இருக்கும் வட்டில் *.எச்டிஎம் என்று தேடினால் எச்டிஎம்எல் கோப்புகளும் சேர்ந்து வருகின்றன. நான்கெழுத்து வகை குறும்பெயரில் மூன்றெழுத்தாக வெட்டப்பட்டிருப்பதே காரணம்.

விரிப்பது யார்

யூனிக்ஸில் ஷெல் விரிக்கிறது. கட்டளைக்குப் போய்ச் சேர்வது பெயர்ப் பட்டியல் மட்டுமே. டாஸிலும் விண்டோஸின் பழைய கட்டளை வரியிலும் பேட்டர்ன் அப்படியே நிரலுக்குப் போகிறது. விரிப்பது நிரலின் வேலை. இந்த ஒரு முடிவிலிருந்து பல விளைவுகள் கிளைக்கின்றன. எல்லா டெக்ஸ்ட் கோப்புகளையும் ஒரே கட்டளையில் வேறு வகைப் பெயருக்கு மாற்றுவது டாஸில் இயல்பாக நடக்கும். அந்தக் கட்டளைக்கு இரண்டு பேட்டர்ன்களும் கண்ணில் படுகின்றன. யூனிக்ஸின் எம்வி கட்டளைக்கு அவை தெரியவே தெரியாது. மறுபக்கம், யூனிக்ஸில் எந்த நிரலும் விரிவாக்கத்தைப் பற்றி யோசிக்காமலேயே அந்த வசதியைப் பெற்றுவிடுகிறது.

ஷெல் முந்திக்கொள்வதால் வரும் சிக்கலுக்கு ஃபைண்ட் கட்டளை தெளிவான எடுத்துக்காட்டு. ஃபைண்ட் தானே பேட்டர்னைப் படிக்கத் தெரிந்த கட்டளை. உட்கோப்புறைகள் உட்பட எங்கும் உள்ள *.சிஎஸ்வி கோப்புகளைத் தேடச் சொல்கிறோம். பேட்டர்னைச் சுற்றி மேற்கோள் குறி இடவில்லை. நாம் நிற்கும் கோப்புறையில் சிஎஸ்வி கோப்பு ஒன்றும் இல்லையென்றால், பார்ன் வழி ஷெல் பேட்டர்னை அப்படியே கடத்தும். தேடல் சரியாக நடக்கும். இரண்டு கோப்புகள் இருந்தால் ஃபைண்டுக்குக் கூடுதலாக ஒரு சொல் போய்ச் சேர்ந்து பிழைச் செய்தி வரும். ஜனவரி.சிஎஸ்வி என்று ஒன்றே ஒன்று இருந்தால், ஷெல் அந்தப் பெயரை வைத்துவிடும். ஃபைண்ட் எல்லா இடத்திலும் ஜனவரி.சிஎஸ்வி என்பதை மட்டும் தேடி, பிழை எதுவும் சொல்லாமல் குறைந்த பட்டியலைத் தரும். மூன்றில் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் இதில் எதுவும் தவறியதாகத் தெரியாது. கட்டளை படிக்க வேண்டிய பேட்டர்னுக்கு மேற்கோள் குறி கட்டாயம் என்ற விதி இதிலிருந்து வருகிறது.

விரிந்த பெயர்கள் வெறும் சொற்களாகவே கட்டளைக்குப் போகின்றன. அது கோப்பா, கட்டளையின் விருப்பமா (ஆப்ஷன்) என்று பிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஒரு கோப்பின் பெயர் சிறு கோடு ஒன்றில் தொடங்கினால் கட்டளை அதை விருப்பமாக எடுத்துக்கொள்ளும். ஜிஎன்யு டார் கட்டளையில், இடையிடையே வேறொரு நிரலை ஓட்டச் சொல்லும் விருப்பம் உண்டு. பலரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறையில், அந்த விருப்பத்தையே பெயராகக் கொண்ட கோப்பை ஒருவர் உருவாக்கி வைத்துவிட்டு, நிர்வாகியின் காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் நட்சத்திரக் குறியோடு டாரை ஓட்டும்வரை காத்திருந்தால் போதும். தம் நிரலை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டிவிடலாம். தற்காப்பு எளிது: வெறும் * என்று எழுதாமல் ./* என்று எழுதினால் எந்தப் பெயரும் கோட்டில் தொடங்காது.

அளவும் ஒரு தடை. லினக்ஸில் ஒரு நிரலுக்குக் கொடுக்கக்கூடிய சொற்களின் மொத்த அளவு 2007இல் வந்த 2.6.23 கெர்னலுக்கு முன்புவரை 128 கிலோபைட். அதன்பின் அது ஸ்டாக் வரம்பில் கால் பங்கு; வழக்கமான 8 மெகாபைட் ஸ்டாக்கில் 2 மெகாபைட். லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையில் நட்சத்திரக் குறி அந்த எல்லையைத் தாண்டிவிடும். நிரல்மொழிக்குள் விரித்தால் இந்தத் தடை இல்லை.

ஒன்றும் பொருந்தாதபோது

ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் குளோப், எதுவும் பொருந்தாவிட்டால் 'பொருத்தம் இல்லை' என்று சொல்லிக் கட்டளையை ஓட்டாமல் நிறுத்தியது. சி ஷெல்லும் பின்னர் வந்த இசட் ஷெல்லும் இந்தக் கண்டிப்பான வழியில் நிற்கின்றன. பார்ன் ஷெல் பேட்டர்னையே பெயர்போலக் கடத்தியது. பாஷ் அந்த வழக்கத்தைத் தொடர்கிறது. கண்டிப்பு வேண்டும் என்றாலும் வெற்றுப் பட்டியல் வேண்டும் என்றாலும் பாஷில் தனியாக விருப்பம் அமைக்க வேண்டும். அப்படி அமைக்காமல் கோப்புகளைச் சுற்றிவரும் லூப், காலியான கோப்புறையில் ஒருமுறை ஓடி, *.சிஎஸ்வி என்ற இல்லாத கோப்பைத் திறக்கப் பார்க்கும்.

நிரல்மொழிகளில் பெரும்பாலானவை வெற்றுப் பட்டியல் தருகின்றன. அதில் இன்னொரு குழி இருக்கிறது. பைத்தானின் குளோப் லைப்ரரிக்கும் கோ மொழியின் குளோப் சார்புக்கும், படிக்க அனுமதி இல்லாத கோப்புறையும் காலியான கோப்புறையும் ஒன்றுதான். இரண்டுக்கும் வெற்றுப் பட்டியலே வரும். கோ மொழி ஆவணம் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே பிழை வருவது பேட்டர்ன் தவறாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. நள்ளிரவில் தானாக ஓடும் ஒரு காப்புப்பிரதி நிரல், அனுமதிச் சிக்கலால் ஒன்றையும் நகலெடுக்காமல் 'வெற்றி' என்று பதிவு செய்வதற்கு இதுவே போதும். வெற்றுப் பட்டியல் வந்தால் அது இயல்பா, தவறா என்பது அந்த வேலையைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அதற்கான சோதனையை அவர்தான் எழுத வேண்டும்.

வரிசை: ஓர் ஆய்வக அனுபவம்

வரிசை பற்றிய கேள்விக்கு அறிவியல் உலகம் கொடுத்த விலை பதிவாகியிருக்கிறது. ஒரு மூலக்கூறின் என்எம்ஆர் வேதிப்பெயர்ச்சியைக் கணினியில் கணக்கிட, 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு வழிகாட்டிக் கட்டுரை வந்தது. அதோடு பைத்தான் ஸ்கிரிப்ட்டுகளும் வந்தன. வில்லோபி, ஹோய் ஆகியோரின் பெயரால் அறியப்பட்ட அவை பல ஆய்வகங்களில் புழங்கின. 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜெயந்தி பண்டாரி நியூபானே, பிலிப் வில்லியம்ஸ் உள்ளிட்டோர் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே தரவு, ஒரே ஸ்கிரிப்ட். ஆனால் கணினியைப் பொறுத்து விடை மாறியது. விண்டோஸ் 10இலும் மேக் மேவரிக்ஸிலும் 173.2. மேக் மொஹாவியில் 172.7. உபுண்டு 16இல் 172.4.

ஸ்கிரிப்ட் செய்தது இவ்வளவுதான்: மூலக்கூறின் ஒவ்வொரு வடிவநிலைக்கும் ஆற்றல் ஒரு கோப்பிலும் என்எம்ஆர் மதிப்புகள் இன்னொரு கோப்பிலும் இருக்கும். குளோப் சார்பால் கோப்புகளைத் திரட்டி, இரு வகையையும் இரண்டு பட்டியலாக்கி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்தார்கள். பெயர்கள் அகரவரிசையில் வரும்வரை ஜோடி சரியாகச் சேரும். ஆனால் பைத்தான் அந்த வரிசைக்கு உறுதி தரவே இல்லை. கோப்பு முறைமை கொடுத்த வரிசையை அப்படியே கடத்துகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸும் பெயர்களை வரிசைப்படுத்தியே வைத்திருப்பவை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4, மேக்கின் புதிய ஏபிஎஃப்எஸ் ஆகியவற்றில் ஹாஷ் மதிப்பின்படியான வரிசை. அங்கே ஒரு வடிவநிலையின் ஆற்றல் வேறொன்றின் என்எம்ஆர் மதிப்போடு சேர்ந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. விடை மட்டும் அரை சதவீத அளவுக்குள் நகர்ந்தது. நம்பத்தக்கதாகத் தோன்றும் அளவுக்குச் சிறிய தவறு அது.

திருத்தத்தின் சாரம், பட்டியலை வரிசைப்படுத்துவதுதான். நிரல் எழுதியவர்களின் அறிவைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை. எழுதிய கணினியில் அது சரியாகவே ஓடியது. குறை, உறுதியில்லாத வரிசையை உறுதிபோலக் காட்டிய ஏற்பாட்டில் இருக்கிறது. போசிக்ஸின் சி சார்பு இயல்பாகவே வரிசைப்படுத்தித் தரும். வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும். ரூபி மொழி 2020 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் இதே வழிக்கு வந்தது. பைத்தானில் இன்றும் நாமேதான் வரிசைப்படுத்த வேண்டும். ஜோடி சேர்க்க வேண்டியிருந்தால் வரிசையைக்கூட நம்பாமல், பெயரில் உள்ள அடையாள எண்ணைக் கொண்டு சேர்ப்பதே பாதுகாப்பு. ஒரு கோப்பு காணாமல் போனாலும் அப்போது தெரிந்துவிடும்.

மறைந்தவையும் ஆழத்தில் உள்ளவையும்

புள்ளியில் தொடங்கும் பெயரை நட்சத்திரக் குறி பிடிக்காது என்பது யூனிக்ஸ் மரபு. இந்த மறைப்பு திட்டமிட்டு வந்ததல்ல என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார்: ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ஆகிய இரண்டு கோப்புறைப் பெயர்களை எல்எஸ் கட்டளை காட்டாமல் இருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்த ஒரு குறுக்குவழி அது. குறுக்குவழி மரபாகி நிலைத்துவிட்டது. ஆனால் எல்லோரும் அதைப் பின்பற்றவில்லை. பைத்தானின் குளோப் லைப்ரரி மறைந்த கோப்புகளை விட்டுவிடும். அதே பைத்தானின் பாத்லிப் அவற்றையும் சேர்த்துத் தரும். ஜாவாவின் குளோப் பொருத்தமும் முதல் புள்ளியைச் சாதாரண எழுத்தாகவே நடத்துகிறது. ஒரு நிரலைப் பழைய லைப்ரரியிலிருந்து புதியதற்கு மாற்றும்போது, கடவுச்சொல் உள்ள மறைந்த கோப்பும் சேர்ந்து சர்வருக்கு ஏறிவிட வாய்ப்பு இருக்கிறது.

உட்கோப்புறைகள் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கும் இரட்டை நட்சத்திரம் இசட் ஷெல் வழியாகப் பரவியது. பாஷில் 2009இன் 4.0 பதிப்பிலும், பைத்தானில் 2015இன் 3.5 பதிப்பிலும், கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் 2013இன் 1.8.2 பதிப்பிலும் சேர்ந்தது. கோ மொழியின் குளோப்பில் இன்றும் இல்லை. பாஷிலும் பைத்தானின் குளோப் லைப்ரரியிலும் இதற்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரட்டை நட்சத்திரம் ஒற்றையாகவே நடந்துகொள்ளும். அதாவது ஒரே ஒரு அடுக்கு மட்டும் இறங்கி, பிழை சொல்லாமல் திரும்பும். குறைவான பட்டியலைக் கண்டு 'இவ்வளவுதான் இருக்கிறது போலும்' என்று நினைக்கவைக்கும் நடத்தை இது.

எழுத்து எது

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் தொடங்கி இந்தக் கேள்வி நீளுகிறது. பெயரைப் பேட்டர்னோடு ஒப்பிடும் பைத்தானின் எஃப்என்மேட்ச் லைப்ரரி, விண்டோஸில் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும். லினக்ஸிலும் மேக்கிலும் பிரித்துப் பார்க்கும். ஆனால் மேக்கின் கோப்பு முறைமை வழக்கமான அமைப்பில் அவற்றை ஒன்றாகவே கருதுகிறது. அங்கே ஒரு கோப்பை நேரடிப் பெயரில் திறக்க முடியும், அதே எழுத்துகளைக் கொண்ட பேட்டர்ன் அதைப் பிடிக்காது. சதுர அடைப்புக்குள் சிறிய ஆங்கில எழுத்துகளின் வரம்பைக் கொடுத்தால், சில மொழி அமைப்புகளில் (லொக்கேல்) பெரிய எழுத்துகளும் உள்ளே வரும். அகராதி வரிசையில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதே காரணம்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இது நேரடிச் சிக்கல். தமிழ் என்ற சொல்லில் நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட். ஆகவே தமிழ்.சிஎஸ்வி என்ற கோப்பை ???.சிஎஸ்வி பிடிக்காது; ?????.சிஎஸ்வி பிடிக்கும். மொழி அமைப்பு எதுவும் இல்லாத சர்வரில் ஷெல் பைட்டுகளை எண்ணினால் பதினைந்து கேள்விக்குறி வேண்டும். இன்னும் நுட்பமான ஒன்று ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம்; திரையில் வேறுபாடு தெரியாது. மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த 'கொள்முதல்' கோப்பை, விசைப்பலகையில் தட்டிய 'கொள்முதல்*' பிடிக்காமல் போகலாம். பெயர்ப் பட்டியலையும் பேட்டர்னையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுவதுதான் வழி. தமிழ்ப் பெயர்களில் கேள்விக்குறியைத் தவிர்த்து நட்சத்திரத்தைப் பயன்படுத்துவதும் நல்லது.

குறிகளே பெயரில் இருப்பதும் உண்டு. பட்டியல்[1].சிஎஸ்வி என்ற கோப்புப் பெயரை அப்படியே குளோப்புக்குக் கொடுத்தால், அது பட்டியல்1.சிஎஸ்வி என்பதைத் தேடும்; தன்னையே கண்டுபிடிக்காது. பைத்தான் 3.4 முதல் இதற்கு எஸ்கேப் சார்பு இருக்கிறது. பயனர் தந்த பெயரை பேட்டர்னுக்குள் சேர்க்கும் எந்த நிரலும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு நேரம்

நட்சத்திரம் ஒன்றுதான் என்றால் பொருத்திப் பார்ப்பது எளிது. பல நட்சத்திரங்கள் வந்தால், ஒவ்வொன்றும் எத்தனை எழுத்தை விழுங்க வேண்டும் என்று எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கும் நிரல்கள் உண்டு. ஒரே எழுத்து நூறுமுறை வரும் பெயரை, அந்த எழுத்தும் நட்சத்திரமும் மாறிமாறி வந்து கடைசியில் வேறு எழுத்தில் முடியும் பேட்டர்னோடு ஒப்பிட்டால், நட்சத்திரம் கூடக்கூட நேரம் மடங்குமடங்காகப் பெருகும். கோ மொழிக் குழுவின் ரஸ் காக்ஸ் 2017இல் இதைப் பல ஷெல்களிலும் மொழிகளிலும் ஓட்டிப் பார்த்து, எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று வெளியிட்டார்.

தீர்வு மிகச் சிறியது. *கணக்கு*2024* என்ற பேட்டர்னில், பெயரில் முதலில் எதிர்ப்படும் 'கணக்கு' போதும். பின்னால் வரும் இன்னொரு 'கணக்கு' மிச்ச இடத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. எனவே இரண்டாம் நட்சத்திரத்தை எட்டிய பிறகு முதலாவதற்குத் திரும்பவே தேவையில்லை. கடைசியாகக் கண்ட நட்சத்திரத்தின் இடத்தை மட்டும் நினைவில் வைத்து, தோற்றால் அதற்கு இன்னும் ஓர் எழுத்தைக் கொடுத்து முன்னேறினால் போதும். மிக மோசமான நிலையிலும் பெயரின் நீளமும் பேட்டர்னின் நீளமும் பெருக்கிய அளவு வேலைதான். பேட்டர்னை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக மாற்றும் பைத்தானின் எஃப்என்மேட்ச், இதே கருத்தை வேறு வடிவில் 3.9 பதிப்பில் கொண்டுவந்தது.

முன்பின் தெரியாதவர்கள் பேட்டர்ன் அனுப்பும் இடத்தில் இது பாதுகாப்புப் பிரச்சினை. 2001 ஏப்ரலில் கணினிப் பாதுகாப்புக்கான செர்ட் அமைப்பு, பல எஃப்டிபி சர்வர்களின் குளோப் குறைகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே சிக்கல் நேரம் அல்ல, அளவு: சிறு கட்டளை ஒன்று விரிந்து, அதற்கென ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதியது. வெளியிலிருந்து வரும் பேட்டர்னில் நீளத்துக்கும் நட்சத்திர எண்ணிக்கைக்கும் விரிவின் அளவுக்கும் வரம்பு வைக்காமல் எந்தச் சேவையும் ஓடக் கூடாது.

செய்ய வேண்டியவை

நிரல் எழுதுபவர்கள் பக்கம்: கட்டளை படிக்க வேண்டிய பேட்டர்னை மேற்கோளுக்குள் இட வேண்டும். ஷெல் விரிக்கும் பேட்டர்னை ./ கொண்டு தொடங்க வேண்டும். வெற்றுப் பட்டியலுக்கு என்ன பொருள் என்று நிரலிலேயே எழுத வேண்டும். பட்டியலைப் பயன்படுத்துமுன் வரிசைப்படுத்த வேண்டும். மறைந்த கோப்புகள் சேருமா, உட்கோப்புறைகள் சேருமா என்பதை லைப்ரரியின் இயல்பு நடத்தையிடம் விடாமல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எழுதிய நிரலை இன்னொரு இயங்குதளத்திலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து சில வரிகள்தான்.

மொழிகளை வடிவமைப்பவர்கள் பக்கம் இன்னும் பெரிய கடமை இருக்கிறது. 1992இன் போசிக்ஸ் சார்பில், வரிசை வேண்டுமா, கோப்புறையைப் படிக்க முடியாவிட்டால் நிற்க வேண்டுமா, பொருந்தாவிட்டால் பேட்டர்னையே தர வேண்டுமா என்பவை தனித்தனி விருப்பங்களாக இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை என்பதும் படிக்க முடியவில்லை என்பதும் வேறுவேறு விடைகளாக வந்தன. கேள்விகள் அன்றே தெரிந்திருந்தன. பின்னால் வந்த லைப்ரரிகள் எளிமையை விரும்பி அவற்றில் பலவற்றைக் கைவிட்டன. கைவிட்ட கேள்விகளின் சுமை, கோப்பு முறைமையின் உள்ளமைப்பை அறிய வேண்டிய தேவையே இல்லாத வேதியியலாளர்கள் தலையில் விழுந்தது. இயல்பாக வரிசைப்படுத்துவது, அனுமதிப் பிழையை மறைக்காமல் சொல்வது, எத்தனை நட்சத்திரம் வந்தாலும் தாங்குவது ஆகிய மூன்றையும் இனி எந்த மொழியும் விருப்பமாக வைக்காமல் அடிப்படையாக வைக்க வேண்டும். மூன்றுமே செய்து காட்டப்பட்டவை, செலவும் அதிகமில்லை.